வாராந்திர செய்திய பள்ளி கேட்டுலயும் ஒட்டட்டும்

ஆசிரியருக்கு வணக்கம். காலை உணவுத் திட்டம் நகரத்துல இருக்கிற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது பத்தின உங்க செய்தி படிச்சேன், 2025 ஆகஸ்ட் 26ல நம்ம மயிலாப்பூர் புனித சூசையப்பர் பள்ளியிலதான் அத தொடங்கி வச்சாங்க, ரொம்ப நல்ல காரியம். ஆனா சாப்பாடு எத்தன மணிக்கு, என்னைக்கு நேரம் மாறுதுன்னு வீட்டுக்குத் தெரிஞ்சாதானே பிள்ள போய் சாப்பிடும்? என் பேத்தி வேற ஒரு சின்ன கத்தோலிக்க பள்ளியில மூணாவது படிக்கிறா. முன்னெல்லாம் திங்கக்கிழமையானா அந்த வார செய்திய சிஸ்டர் கையால எழுதி கேட்டுல ஒட்டுவாங்க, பூசை, பரீட்சை, யாருக்குப் பிறந்தநாள் எல்லாம் அதுல இருக்கும், ஆயாம்மா, ஆட்டோக்காரர்னு எல்லாரும் நின்னு படிப்போம். இப்ப எல்லாமே வாட்ஸ்அப் குரூப்தான். என்கிட்ட பட்டன் போன், மருமக ஆறு மணிக்கே வேலைக்குக் கெளம்பிடுவா. மொத வெள்ளி பூசைக்காக ஒரு நாள் சாப்பாட்டு நேரத்த முன்னாடி மாத்தினது எங்களுக்குத் தெரியல, நாங்க போய்ச் சேரும்போது பாத்திரம் கழுவிட்டு இருந்தாங்க, பேத்தி காலி தட்ட பையில இருந்து எடுத்தவ எதுவும் பேசாம திரும்ப உள்ள வச்சிட்டா. குரூப் இருக்கட்டும், கூடவே அந்த ஒரு தாள சாப்பாட்டு நேரத்தோட எல்லா பள்ளி கேட்டுலயும் வாராவாரம் ஒட்டச் சொல்லி கல்வித்துறை ஒரு உத்தரவு போடணும்.

- ஒரு பாட்டி, மயிலாப்பூர், சென்னை