தம்பிக்கு, அந்த 1905 சீசனைப் பற்றி

அன்புள்ள தம்பி,

சித்தப்பா வீட்டு விசேஷம் நல்லபடியாக முடிந்தது, அம்மா விவரமாகச் சொல்வாள். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம். நீ அமெரிக்காவில் ரக்பி டீமில் சேர்ந்ததிலிருந்து அந்த நாட்டு ஆட்டங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். 1905-ஆம் வருடத்துக் கல்லூரி ஃபுட்பால் சீசனைப் படித்தபிறகு மனசு அதிலேயே கிடக்கிறது. நம் ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால்.

அப்போது பந்தை முன்னால் எறியக்கூடாது. மூன்று முயற்சியில் ஐந்து கஜம் நகர்ந்தால் போதும், பந்து அவர்களிடமே இருக்கும். அதனால் எல்லாரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கும்பலாக எதிர் வரிசையில் ஒரே இடத்தில் போய் மோதுவார்கள், பந்து வைத்திருப்பவனை அவன் ஆட்களே தள்ளிக்கொண்டு போவார்கள், விழுந்தவன் மேல் மற்றவர்கள் விழுவார்கள். ஹெல்மெட் கட்டாயமில்லை. பத்திரிகைக் கணக்கில் அந்த ஒரு வருடத்தில் 18 பேர் செத்திருக்கிறார்கள், பலர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நவம்பர் 25-ஆம் தேதி நியூயார்க் பல்கலைக்கழகத்தோடு ஆடிய யூனியன் காலேஜ் பையன் ஹரால்ட் மூர், வயது 19. தலையில் அடி, மூளையில் ரத்தக்கசிவு, போய்விட்டான். உன்னைவிடச் சின்னவன்டா.

தலையில் அடிபட்டால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். இதை உனக்கு முன்பும் சொல்லியிருக்கிறேன்.

அப்போதைய அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் மகன் டெட், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதலாண்டு டீமில் ஆடினான். அதே நவம்பரில் யேல் பையன்களோடு மோதியதில் மூக்கு உடைந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆட்களை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேசியிருந்தார். ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. இரண்டு வருடம் முன்னால் மகனுக்கு எழுதிய கடிதத்தில் நீ ஃபுட்பால் ஆடுவதில் எனக்குச் சந்தோஷம், ஆனால் அதுவே வாழ்க்கையாகிவிடக் கூடாது என்று எழுதியவர். நானும் அந்தக் கட்சிதான். அந்த மகனின் அடியைப் பற்றி அவருக்குத் தெரியாமல் போக வழியில்லை. எனக்கோ உன் சிநேகிதன் போட்ட போட்டோவில் உன் புருவத்துக்கு மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரிதான் சேதி. அன்றிலிருந்து நீ கேமராவை ஆன் பண்ணுவதே இல்லை, நெட் சரியில்லை என்கிறாய்.

சரி, அது போகட்டும். அந்த வருடக் கடைசியில் ஆட்டத்தைத் திருத்த 62 கல்லூரிகள் நியூயார்க்கில் கூடின. அடுத்த வருடம் பந்தை முன்னால் எறியலாம் என்றும், ஐந்துக்குப் பதில் பத்து கஜம் நகர வேண்டும் என்றும் விதி வந்தது. கும்பலாக மோதுவது மட்டும் போதாது என்று ஆக்கப் பார்த்தார்கள். உங்கள் கலிபோர்னியாவில் பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் 1906-ல் ஃபுட்பாலையே விட்டு ரக்பிக்கு மாறிவிட்டன. நீ ஆடுகிற ஆட்டம் அங்கே அப்படி வேர்விட்டது, அந்தப் பிள்ளைகள் போனபிறகு.

நீ ஆடுவதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். நம் மண்ணில் கபடிப் பிடி போட்ட கை அங்கே போய் ஆறடி ஆட்களைச் சாய்க்கிறது என்று நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஆனால் திருச்செந்தூர் மேட்சில் முழங்காலை மறைத்தாயே, ஆச்சி கண்டுபிடிக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? முழங்கால் வேறு, தலை வேறு. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் மிகவும் ஆபத்து என்று நம் டாக்டரும் சொன்னார். நீ மறைக்கிற பிள்ளை, அதுதான் எனக்குப் பயம்.

தலைவலி இருக்கிறதா? வெளிச்சம் பார்த்தால் கூசுகிறதா? வாந்தி வருகிறதா, படித்தது மறக்கிறதா? இந்த நாலுக்கும் பதில் எழுது, எனக்கு மட்டும் எழுது, அம்மாவிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். இதில் ஒன்று இருந்தாலும் காலேஜ் டாக்டரைப் பார், அவர் சரி என்று சொல்கிறவரை மைதானத்துக்குப் போகாதே. கேப்டன் கூப்பிட்டாலும் போகாதே. டாக்டர் செலவை நினைத்துத் தள்ளிப்போடாதே, பணம் நான் அனுப்புகிறேன்.

அப்பா