டிரைவ் வாங்கும் முன்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு

அன்பு நண்பா,

இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்குத்தான் முழங்கால் வலி விட்டபாடில்லை. தீபாவளிக்கு நீ வருகிறாய் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

உன் பட்டறைக்கு வந்திருக்கும் 1980களின் சிஎன்சி லேத்துக்கு, அதாவது கணினி கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் இயந்திரத்துக்கு, புதிய மோட்டாரும் டிரைவும் போடுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். அப்படி ஒரு கனத்த வார்ப்பிரும்பு அடித்தளத்தை இன்று புதிதாக வாங்க நம் கைக்கு எட்டாது. அதைக் காப்பாற்றியே ஆக வேண்டும். ஆனால் மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுத்து ஓட்டும் டிரைவின் விலையை இப்போதே விசாரிக்காதே. எதை, எங்கே அளக்கப்போகிறாய் என்பதை முதலில் முடிவு செய்.

பழைய டிசி மோட்டாரின் பின்னால் வேகத்தை அளக்கும் டாக்கோ இருக்கும். அதை வைத்து டிரைவ் வேகத்தைக் காக்கும். டூல் நிற்க வேண்டிய இடத்தைக் காப்பது கண்ட்ரோலர்; சுழற்சியை அளக்கும் என்கோடரையோ ரிசால்வரையோ பார்த்து, டிரைவுக்குக் கூட்டல் கழித்தல் 10 வோல்ட்டுக்குள் கட்டளை அனுப்பும். புதிய ஏசி சர்வோ மோட்டார்களில் பெரும்பாலும் மோட்டாரின் என்கோடரே இரண்டுக்கும் போதும். 2,500 கோடுள்ள என்கோடர், கோட்டுக்கு நான்காக, ஒரு சுற்றுக்கு 10,000 எண்ணிக்கை தரும். மோட்டார் சுழற்றும் பால் ஸ்க்ரூ என்ற திருகு தன் மேலுள்ள நட்டையும் டூலையும் சுற்றுக்கு 10 மில்லிமீட்டர் நகர்த்தினால் ஓர் எண்ணிக்கை ஒரு மைக்ரான். ஆனால் மோட்டார் சுற்றியது மட்டுமே என்கோடருக்குத் தெரியும். நட்டு தேய்ந்து தளர்ந்து டூல் நகராமல் நின்றிருந்தால் அது அறியாது.

டூலின் இடத்தை நேரடியாக அளக்கும் கண்ணாடி ஸ்கேல் மாட்டினால் தீராதா என்கிறாய். டூல் நிற்கும் இடம் தெரியும், உண்மைதான். ஆனால் நட்டின் தளர்ச்சியை வைத்துக்கொண்டே ஸ்கேலை நம்பி ஓட்டினால், டூலை நகர்த்தும் அச்சு ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் துடிக்கும். அந்தப் பணத்தை நட்டுக்கும் பேரிங்குக்கும் போடு.

முதல் ஓட்டத்தில் மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றிவிடு. என்கோடரின் திசை தலைகீழாக இருந்தால் மோட்டார் கட்டுக்கடங்காமல் முழு வேகத்தில் ஓடும். என்கோடர் கேபிளை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டாதே.

இங்கே எங்கள் பிழைப்பே செம்பனை ஆலைகளை நம்பித்தான். வெட்டிய குலைகளை 24 மணி நேரத்துக்குள் பிழியாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். பிழியும் இயந்திரத்தின் ஷாஃப்ட் உடைந்தால் இரவோடு இரவாகக் கடைந்து கொடுத்தாக வேண்டும். வாசலில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அந்த நேரத்தில் லேத் சொன்ன அளவில் நிற்பதுதான் எனக்குப் பெரிது, அதன் வேகம் அல்ல.

ஒவ்வோர் அச்சையும் இரு பக்கமும் நகர்த்தி, நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜில் தெரியும் தளர்ச்சியை எழுதி அனுப்பு. மோட்டார் கணக்கை நீ வரும்போது உட்கார்ந்து போடுவோம்.

உன் அன்பு நண்பன்