பவளத்துக்கு ஆகாத களிம்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பது ஆண்டு பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவன் நான். கரீபியன் கடலில் உள்ள பொனேர் தீவுக்குப் போக மனைவியோடு சேர்ந்து இரண்டு வருடமாகப் பணம் சேர்க்கிறேன். அங்கே பவளப்பாறைகளைப் பார்க்கப் படகுகூடத் தேவையில்லை. சாலையோரத்தில் இடத்தின் பெயர் எழுதிய மஞ்சள் கற்கள் இருக்கும். வண்டியை நிறுத்தி, முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு கரையிலிருந்தே இறங்கிவிடலாம். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும், மதியம் கட்டாயம் தூக்கம் என்பது என் மனைவியின் ஏற்பாடு.

சாமான் வாங்கும்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீனை, அதாவது வெயில் தடுப்புக் களிம்பை, அந்தத் தீவு 2021 முதல் தடைசெய்திருக்கிறது. இளம் பவளங்களுக்கு அவை கேடு என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இங்கே சிங்கப்பூரில், ஈசூன் கடையொன்றில் நான் எடுத்துப் பார்த்த மூன்று புட்டிகளில் இரண்டில் ஆக்டினாக்சேட் இருந்தது! நீளக்கை நீச்சல் சட்டை வாங்கிக்கொண்டோம். முகத்துக்கு மட்டும் துத்தநாக ஆக்சைடு களிம்பு.

நம் புலாவ் ஹந்து தீவிலும் பவளம் இருக்கிறதே. சிஸ்டர்ஸ் தீவுகளைக் கடல் பூங்காவாக 2014இல் நாமே அறிவித்தோம். ஜூன் விடுமுறைக்கு மலேசியாவின் தியோமான் தீவுக்குப் புறப்படும் குடும்பங்களும் படிக்கும்படி, புட்டியின் பின்பக்கத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்