மலையூர்களை இணைக்கும் நடைபாதையைச் சீரமைக்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் மலை மாவட்டத்தின் சிற்றூர்களை இணைக்கும் பழைய நடைபாதையைச் சீரமைக்கவும், அதன் நெடுகிலும் வழிகாட்டிப் பலகைகளை நிறுத்தவும், கணவாய்க்கு அருகில் மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகை அமைக்கவும் ஊரார் பலரும் கூடி இக்குழுவை அமைத்துள்ளோம். இப்பணிக்குத் தங்களால் இயன்ற பொருளுதவியை வேண்டியே இதை எழுதுகிறோம்.

வண்டிச் சாலை இருக்கும்போது நடைபாதை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். வண்டி ஏறக்கூடிய சரிவைத் தேடிச் சாலை கொண்டை ஊசி வளைவுகளாகச் சுற்றிச் செல்கிறது. நடைபாதையோ இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள முகட்டை நேராகக் கடந்துவிடுகிறது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும், கால்நடைகளை மேய்ச்சலுக்கு ஓட்டுவோருக்கும், சொந்த வண்டி இல்லாத முதியவர்களுக்கும் இதுவே அன்றாட வழி. சரிவை வெட்டிப் போட்ட சாலை மண்சரிவால் அடைபடும் நாளில், நோயாளியைத் தூக்கி வரவும் மருந்தை எடுத்துச் செல்லவும் இதைவிட்டால் வேறு வழியில்லை. மலையைக் காண வருபவர்களுக்கும் இதே பாதைதான் வேண்டும். ஓடை எங்கே பிறக்கிறது, மரக்காடு எந்த உயரத்தில் முடிந்து புல்வெளி தொடங்குகிறது, ஊர்கள் ஏன் காற்று மறைவான மடிப்புகளில் அமைந்தன என்பவையெல்லாம் நடப்பவருக்கே புலப்படும்.

பாதை கெட்டதற்குக் கால்கள் மட்டும் காரணமல்ல, நீரே பெருங்காரணம். பலர் நடந்து நடந்து பாதையின் நடுப்பகுதி பள்ளமாகும்போது, மழைநீர் சரிவின் குறுக்கே வழிந்து போகாமல் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிப் பாதையின் நீளத்துக்கு ஓடத் தொடங்குகிறது. நீரின் வேகம் இரு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது நீரியலில் நெடுங்காலமாக அறியப்பட்ட விதி. ஆகவே செங்குத்தான இடத்தில் ஒரு பருவ மழை செய்யும் அழிவைச் சமதளத்தில் பல ஆண்டு மழை சேர்ந்தாலும் செய்யாது. வளைவுகளில் சுற்றிப் போகப் பொறுமையின்றிக் குறுக்கே இறங்கியவர்களின் தடங்கள் இன்று தனித்தனி ஓடைகளாகவே மாறிவிட்டன. அவற்றை அடைத்து மறுபடியும் புல் முளைக்கச் செய்வதும் இத்திட்டத்தின் ஒரு பகுதி.

எனவே மண் கொட்டிப் பள்ளத்தை நிரப்புவது மட்டும் போதாது. நீரை வெளியேற்றாமல் நிரப்பும் மண் அடுத்த மழையிலேயே போய்விடும். பாதையின் ஏற்றம் அந்த மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது நடைபாதை அமைப்போர் பின்பற்றும் விதி. அதை மீறும் பகுதிகளை வேறு தடத்துக்கு மாற்ற எண்ணியுள்ளோம். மற்ற இடங்களில் பாதையின் மேற்பரப்பைப் பள்ளத்தாக்கின் பக்கம் சற்றே சாய்த்து, இடையிடையே கற்களைச் சாய்வாகக் குறுக்கே பதித்து, நீரை ஓரத்துக்குத் திருப்ப வேண்டும். தடம் மாற்ற இயலாத செங்குத்துப் பகுதிகளுக்குக் கற்படிகள் தேவை.

சிமென்ட் போட்டுவிடலாமே என்ற யோசனையை ஆராய்ந்த பிறகே கைவிட்டோம். சிமென்ட் தளம் மழையில் வழுக்கும். அதன் ஓரத்தில் வழியும் நீர் அடிமண்ணை அரித்துத் தளத்தை அந்தரத்தில் நிறுத்திவிடும். உடைந்தால் வெளியிலிருந்து பொருள் சுமந்து வந்துதான் சரிசெய்ய முடியும். சாந்து பூசாமல் கற்களை மட்டும் அடுக்கிக் கட்டும் தாங்கு சுவரில் இடுக்குகள் வழியே நீர் கசிந்து வெளியேறுவதால் சுவரின் பின்னால் அழுத்தம் சேராது. மண் சற்று அசைந்தாலும் சுவர் அதற்கேற்ப இசைந்துகொடுக்கும். பெயர்ந்த கல்லை அங்கேயே எடுத்து மறுபடியும் வைத்துவிடலாம். 2018-இல் யுனெஸ்கோ ஐரோப்பிய நாடுகள் 8-இன் இத்தகைய கற்கட்டுக் கலையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. எங்கள் ஊர்களிலும் இதை அறிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உரிய கூலி கொடுத்து, அவர்களோடு இளைஞர்களையும் வேலைக்கு அமர்த்துவதே எங்கள் செலவில் பெரும்பகுதி. இந்த வேலையைத் தன்னார்வத்தால் மட்டும் முடித்துவிடலாம் என்று நாங்கள் நம்பவில்லை; கைத்திறனுக்குக் கூலி கொடுப்பதே முறை.

வழிகாட்டிப் பலகைகளில் தொலைவோடு நடை நேரத்தையும் எழுதுவோம். மலையில் தொலைவு மட்டும் சொன்னால் புதியவர் ஏமாந்து போவார். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கின்படி, ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமும், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் ஆகும். ஓய்வு நேரம் அதில் சேராது. ஆபத்தில் சிக்கியவர் நிமிடத்துக்கு 6 முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மீண்டும் ஊத வேண்டும் என்பதும், அதற்குப் பதில் நிமிடத்துக்கு 3 ஒலிகள் என்பதும் ஒவ்வொரு பலகையிலும் இடம்பெறும்.

கொட்டகையை ஆடம்பரம் என்று எண்ண வேண்டாம். 1,000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. நனைந்த உடையோடு காற்றில் நிற்பவரின் உடல் வெப்பம் விரைவாக இறங்கி, முதலில் நடுக்கமும் பிறகு தடுமாற்றமும் ஏற்படும். கூரையும் காற்றுவரும் பக்கம் ஒரு சுவரும் இருந்தாலே உயிர் பிழைக்கலாம்.

பாதை கடந்து செல்லும் நிலங்களின் உரிமையாளர்களிடமும், காட்டுப் பகுதிகளுக்கு உரிய துறையிடமும் எழுத்துமூல இசைவு பெற்ற பிறகே அந்தந்தப் பகுதியில் வேலை தொடங்கும்.

பெறும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது தரப்படும். குழுவில் இருவர் கையொப்பமின்றி வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க இயலாது. வரவு செலவுக் கணக்கு குழுவில் இல்லாத ஒருவரால் தணிக்கை செய்யப்பட்டு, ஊர்ப் பொது இடத்தில் ஒட்டப்படும். நன்கொடையின் ஒரு பகுதியைத் தொடக்கத்திலேயே பராமரிப்புக்கென ஒதுக்கி வைப்போம். ஆண்டுதோறும் மழைக்கு முன் வடிகால்களில் அடைந்த மண்ணையும் இலைதழைகளையும் அகற்றாவிட்டால், போட்ட பாதை மறுபடியும் ஓடையாகிவிடும். நன்கொடையாளர் பெயர்களைப் பாதையோரக் கற்களில் பொறிப்பதில்லை என்று முடிவு செய்துள்ளோம். அவை ஆண்டறிக்கையில் இடம்பெறும். பெயர் வேண்டாம் என்பவர்கள் தெரிவித்தால் போதும்.

மண் ஈரமாக இருக்கும்போது கல் பதித்தால் அது நிலைக்காது என்பதால், வறண்ட மாதங்களுக்குள் வேலையை முடித்தாக வேண்டும். தொகை சிறியதா பெரியதா என்று தயங்காமல், குழுவின் பொருளாளரிடம் நேரிலோ வங்கிக் கணக்கு வழியாகவோ விரைந்து செலுத்துமாறு அன்புடன் வேண்டுகிறோம். பணமாகத் தர இயலாதவர்கள் கடப்பாரை, மண்வெட்டி போன்ற கருவிகளைக் கொடுத்து உதவலாம். கல் சுமக்கவோ விதை தூவவோ ஒரு நாள் உழைப்பும் தரலாம். அவ்வாறு வர விரும்புவோர் தங்களுக்கு வசதியான நாளை முன்கூட்டியே தெரிவித்தால், அதற்கேற்ப வேலையைப் பகிர்ந்து வைப்போம்.

இங்ஙனம்,
நடைபாதைச் சீரமைப்புக் குழுவினர்