தண்ணீர்ப் பந்தல் குழுவின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

இவ்வாண்டுச் செயலவைக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேச வேண்டியது அன்னதானச் சோறு போட்டுக் கொடுக்கும் பெட்டிகளைப் பற்றி.

பினாங்கில் போலிஸ்டைரின் என்ற வெள்ளை நுரைப் பெட்டிக்கு 2012இலேயே தடை வந்தது. நாமும் பழுப்புக் காகிதப் பெட்டிக்கு மாறினோம். தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் நம்முடையது மாசில்லாத பந்தல் என்றே நம்பியிருந்தோம். தைப்பூசத்துக்கு மறுநாள் குப்பை பிரித்த நம் இளைஞர்கள் ஒரு பெட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டார்கள். காகிதம் கூழாகிவிட்டது, உள்பக்கம் ஒட்டியிருந்த மெல்லிய நெகிழித் தாள் முழுசாக உரிந்து கையில் வந்தது. இத்தனை வருடம் சாம்பார் கசியாமல் இருந்தது அதனால்தான். எண்ணெயும் நெகிழியும் சேர்ந்த அந்தக் காகிதத்தைப் பழைய தாள் வாங்குபவர் தொடுவதில்லை.

'மட்கும்' என்று அச்சிட்ட குவளைகளையும் விசாரித்தோம். சோள மாவுச்சத்திலிருந்து செய்யும் அந்த நெகிழி மட்குவதற்கு 60 பாகை செல்சியஸ் அளவு சூட்டில் இயங்கும் உர ஆலை வேண்டும். நம் குப்பை போவதோ நிபோங் திபால் அருகே புலாவ் பூரோங் குப்பைமேட்டுக்கு. 2022 ஜனவரியில் அங்கே தீப்பற்றி, சுற்று வட்டார மக்கள் புகையில் தவித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நாம் கொடுத்த பெட்டிகளும் அந்த மேட்டில்தான் கிடக்கின்றன என்பது எனக்கு மிகுந்த வேதனை.

பழைய வெள்ளைப் பெட்டிதானே மலிவு என்று சிலர் கேட்டார்கள். சூடும் எண்ணெயும் பட்டால் அதிலிருந்து ஸ்டைரின் என்ற வேதிப்பொருள் உணவில் இறங்கும். அது பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் வகைப்படுத்தியிருக்கிறது. பக்தர்களுக்கு அதில் சோறு போட மனம் வருமா?

ஆகவே சித்ரா பௌர்ணமிக்கு வாழை இலையும் சில்வர் தட்டும் வைத்தோம். வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. வீட்டில் படுக்கையிலிருக்கும் பெரியவர்களுக்குக் கொண்டுபோக வந்தவர்கள் பாத்திரமில்லாமல் திரும்பியது நம் குறை. முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். தட்டு கழுவும் வேலை முழுவதும் பெண்கள் தலையில் விழுந்ததும் சரியில்லை.

வரும் தைப்பூசத்தில் மோருக்குச் சில்வர் குவளை, சோற்றுக்கு வாழை இலை, வீட்டுக்குக் கொண்டுபோக அவரவர் தூக்குச்சட்டி என்று செயலவை பரிந்துரைக்கிறது. கூடுதல் குழாய் இணைப்புக்கான செலவைப் பொதுக்கூட்டம் அங்கீகரிக்க வேண்டுகிறேன். முறைவைத்துத் தட்டு கழுவ வருபவர்கள் பெயர் எழுதும் தாள் வாசல் மேசையில் இருக்கிறது; ஆண்கள் முதலில் எழுதுங்கள்.

நன்றி.

செயலாளர்