அரை மணி நேரமும் ஆறு மாதமும்

அன்புள்ள வசந்தி,

கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சுகம். மாமாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சின்னவள் வழக்கம்போல் யார் பேச்சையும் கேட்பதில்லை. மற்ற கதையெல்லாம் அடுத்த கடிதத்தில்.

மூன்றாம் பக்க ஓரத்தில் போகிற போக்கில் கிறுக்கியிருக்கிறாயே, அதற்கு வருகிறேன். "எலும்பு மாத்திரை நெஞ்சைக் கரிக்கிறது, நிறுத்திவிட்டேன். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி இருக்கிறதாம், அதற்கு மாறப் போகிறேன். ஒரு தடவை விட்டுப்போனாலும் பரவாயில்லையாம்." பரவாயில்லை என்று உனக்கு யாரடி சொன்னது? கோமதியாகத்தான் இருக்கும். பாதி கேட்டுவிட்டு முழுசாகச் சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

முதலில் மாத்திரை. நெஞ்சு கரிக்கிறது என்கிறாய். நீ விழுங்கும் லட்சணத்தைப் படித்தால் கரிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். காபியோடு ஒரு வாய், மறுபடி போர்வைக்குள்! எலும்புப்புரைக்கு (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்) நீ போடும் அந்த அலென்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். படுத்தால் வயிற்றுக்குள் போனதும் மேலே ஏறி வரும். போதாக்குறைக்கு, உடம்பு அதை உறிஞ்சுவதே சொற்பம். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டால்கூட 70 மில்லிகிராமில் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது அரை மில்லிகிராம்கூடத் தேறாது. காபியோ பழச்சாறோ கூடச் சேர்ந்தால் அதிலும் பாதிக்கு மேல் போச்சு. சாப்பாட்டோடு போட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமே சேராது. ஆக இத்தனை வாரமாக நீ கண்டது நெஞ்செரிச்சல் மட்டும்தான், மருந்து இல்லை.

முறை இதுதான். வாரத்தில் ஒரு கிழமையை முடிவு செய்துகொள். அன்று எழுந்ததும், வாயில் வேறு எதுவும் படுவதற்கு முன்னால், ஒரு முழு டம்ளர் சாதாரணத் தண்ணீரோடு விழுங்கு. 200 மில்லியாவது இருக்க வேண்டும், இரண்டு மடக்கில் தள்ளுவதெல்லாம் கூடாது. கனிமச் சத்து கூட்டிய பாட்டில் தண்ணீரும் வேண்டாம், அதிலுள்ள கால்சியம் மாத்திரையைக் கட்டிப்போட்டுவிடும். கடிக்காதே, சப்பாதே. பிறகு அரை மணி நேரம் நில், நட, நிமிர்ந்து உட்கார். முதல் ஆகாரம் உள்ளே போகும் வரை படுக்கவே படுக்காதே. ராத்திரி தூங்கப் போகும்போது போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பாய். கூடவே கூடாது. இதே வகை மாத்திரையான ரிசெட்ரோனேட்டுக்கும் இதே அரை மணிக் கணக்குதான். மாதம் ஒருமுறை போடும் ஐபான்ட்ரோனேட்டுக்கு ஒரு மணி நேரம்.

ஒரு வாரம் மறந்தால் ஞாபகம் வந்த மறுநாள் காலையில் ஒன்று போட்டுக்கொண்டு, அடுத்த வாரம் பழைய கிழமைக்கே திரும்பிவிடு. ஒரே நாளில் இரண்டு மட்டும் வேண்டாம்.

உனக்குத் தைராய்டு மாத்திரை வேறு இருக்கிறது, அதுவும் வெறும் வயிறு கேட்கும். அந்த ஒரு நாள் மட்டும் எலும்பு மாத்திரை முதலில், அரை மணி கழித்துத் தைராய்டு, அதற்கும் அரை மணியாவது கழித்துத்தான் உன் காபி. கால்சியம் மாத்திரையைக் காலைப் பக்கமே கொண்டுவராதே, தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொண்டால் சிக்கலே இல்லை. டப்பாவில் கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. என்று போட்டிருந்தால் அதில் உள்ள சுத்தக் கால்சியம் 500 மி.கி.தான். ஒரு வேளைக்கு அதற்கு மேல் போட்டால் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 1200 மி.கி., அது சாப்பாட்டில் வருவதையும் சேர்த்து. குறைகிறதை மட்டும் மாத்திரையில் ஈடுகட்டினால் போதும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நீ தினமும் போட்டுக்கொண்டிருந்தால் கார்பனேட் சரியாகக் கரையாது, சிட்ரேட்டாகக் கேட்டு வாங்கு. வைட்டமின் டி வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்தால் வாரம் ஒன்றுதான். அதைத் தினமும் போட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமுமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு கிடையாது. விழுங்கும்போது வலித்தாலோ, சாப்பாடு தொண்டைக்குக் கீழே நின்றாலோ, நெஞ்சு நடுவில் வலித்தாலோ அடுத்த மாத்திரையைத் தொடாதே, டாக்டரிடம் போ. உணவுக்குழாய் சுருங்கியவர்களுக்கும், அரை மணி நிமிர்ந்து இருக்க முடியாதவர்களுக்கும் இந்த மாத்திரை ஆகாது. கால்சியம் குறைவாக இருப்பவர்கள் அதைச் சரி செய்த பிறகுதான் தொட வேண்டும்.

இனி ஊசிக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

கோமதி சொன்னது முழுப் பொய் இல்லை, இடம் மாற்றிச் சொல்லிவிட்டாள். அலென்ட்ரோனேட் வகை மருந்துகள் எலும்புக்குள்ளேயே போய்ப் படிந்துவிடும், வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அதனால்தான் மாத்திரை என்றால் ஐந்து வருடம், இதே வகையில் வருடம் ஒருமுறை ஏற்றும் டிரிப்ஸ் (ஜோலெட்ரோனிக் ஆசிட்) என்றால் மூன்று வருடம் ஆனதும் டாக்டர் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஆபத்து குறைவாக இருந்தால் "கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாம்" என்பார். அவள் காதில் விழுந்தது இந்த ஓய்வுக் கதை. ஆறு மாத ஊசி, அதாவது டெனோசுமாப் 60 மி.கி., வேறு ஜாதி. அது எலும்பில் தங்காது. எலும்பைக் கரைக்கும் செல்களை உசுப்பிவிடும் சமிக்ஞையைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஊசி உடம்பில் இருக்கும் வரை அந்த செல்கள் அடங்கிக் கிடக்கும். ஆறு மாதம் தாண்டி மருந்து வடிந்ததும், இத்தனை நாள் கட்டுண்டு கிடந்ததெல்லாம் மொத்தமாகக் கிளம்பும், அணை திறந்த மாதிரி. பல வருடம் சேர்த்த எலும்பு ஒன்றிரண்டு வருடத்தில் போய்விடும். அது மட்டுமில்லை வசந்தி, சிலருக்கு முதுகெலும்பில் ஒன்றல்ல, இரண்டு மூன்று எலும்புகள் அடுத்தடுத்து நொறுங்குகின்றன. கடைசி ஊசி போட்ட ஏழாவது மாதத்திலேயே இப்படி ஆனவர்கள் இருக்கிறார்கள். விழவும் வேண்டாம், குனிந்து எதையாவது எடுத்தாலே போதும். 2020-ல் ஊரடங்கில் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் எல்லோரும் தவித்தபோது, எலும்பு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து இதற்கென்றே அறிவுரை வெளியிட்டன: கடைசி ஊசியிலிருந்து ஏழு மாதத்தைத் தாண்ட விடாதீர்கள், முடியாவிட்டால் இடைக்கால ஏற்பாடாக மாத்திரைக்கு மாற்றுங்கள் என்று.

அதனால் ஊசியைத் தேர்ந்தெடுத்தால் தேதிதான் உன் மருந்து. ஊசி போட்ட அன்றே, அந்த அறையை விட்டு வருவதற்கு முன்னால், அடுத்த தேதியை வாங்கிவிடு. அதற்கு மூன்று நான்கு வாரம் முன்னால் ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பார்ப்பதற்கும் ஒரு நாள் குறித்துக்கொள். "நன்றாகத்தானே இருக்கிறேன், இந்தத் தடவை வேண்டாம்" என்று உனக்குத் தோன்றும், உன்னை எனக்குத் தெரியாதா? ஒருநாள் நிறுத்த வேண்டி வந்தால், அதை டாக்டர் சொல்லி, அடுத்த ஊசி போட வேண்டிய நேரத்திலேயே வேறு மருந்தை (பெரும்பாலும் டிரிப்ஸோ மாத்திரையோ) ஆரம்பித்துத்தான் நிறுத்த வேண்டும். பல் பிடுங்க வேண்டும் என்பதற்காக எவராவது ஊசியைத் தள்ளிப் போடச் சொன்னால், பல் டாக்டரையும் எலும்பு டாக்டரையும் ஒருவரோடொருவர் பேச வை. நடுவில் நீ தீர்ப்பு சொல்லாதே.

பல் என்றதும் உன் இன்னொரு பயம். தாடை எலும்பு அழுகிவிடும் என்று படித்தாயாம். புற்றுநோய்க்கு இதே மருந்துகளை மிக அதிக அளவில், அடிக்கடி கொடுக்கும்போதுதான் அது கூடுதலாக வருகிறது. எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில் மிக அரிது, பத்தாயிரம் பேரில் ஒரு வருடத்தில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பிடுங்க வேண்டிய பல் இருந்தால் மருந்து ஆரம்பிக்கும் முன் முடித்துவிடு. ஆரம்பித்த பிறகு எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாக மருந்தின் பெயரைச் சொல்லு. அதைவிட நீ கவனிக்க வேண்டியது தொடை. வருடக்கணக்கில் போட்டவர்களில் வெகு சிலருக்குத் தொடை எலும்பின் நடுவில் விரிசல் விழும். முறிவதற்கு வாரக்கணக்கில் முன்பிருந்தே தொடையிலோ கவட்டியிலோ மந்தமாக ஒரு வலி இருக்கும். வாதம் என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதே, எக்ஸ்ரே எடுக்கச் சொல். ஒரு காலில் வலித்தாலும் இரண்டு காலையும் எடுக்கச் சொல்.

ஊசியைக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது, குலுக்கக் கூடாது. வெளியே எடுத்துவிட்டால் 14 நாளுக்குள் போட்டுவிட வேண்டும். போட்ட பிறகு உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ மரத்துப்போனாலும், கெண்டைக்கால் அடிக்கடி இழுத்தாலும் அது கால்சியம் இறங்குகிற அறிகுறி, அன்றைக்கே போன் செய். சிறுநீரகம் ரொம்பவும் பழுதானவர்களுக்கு, அதிலும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம் என்று 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கட்டம் கட்டிய எச்சரிக்கையே சேர்த்தது.

சரோஜா எலும்புக்காகத் தினமும் குத்திக்கொள்ளும் டெரிபாராடைட் ஊசிப் பேனாவைப் பார்த்து நீ ஏங்க வேண்டாம். அது பெரும்பாலும் ஏற்கெனவே முறிவு கண்டவர்களுக்கு. திறந்த பேனாவை 28 நாளில் மருந்து மிச்சமிருந்தாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிவை, அவள் சிக்கனம் உலகப் பிரசித்தம்.

என்னைக் கேட்டால், உன் டி-ஸ்கோர் (ஸ்கேனில் வரும் எலும்பு அடர்த்திக் கணக்கு) −2.8, இதுவரை எலும்பு முறியவில்லை, கிரியேட்டினின் சரியாக இருக்கிறது. டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி, அவர் சரி என்றால் இதே மாத்திரையை ஒழுங்கான முறையில் இன்னொரு மாதம் பார்த்துவிடலாம். அப்படியும் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஆறு மாத ஊசிக்குத் தாவும் முன் ஜோலெட்ரோனிக் ஆசிட் டிரிப்ஸைப் பற்றிக் கேள். வருடத்துக்கு ஒரு முறை 5 மி.கி., குறைந்தது 15 நிமிடம் ஏற்றுவார்கள். முதல் தடவை போட்ட மூன்று நாளுக்குள் மூன்றில் ஒருவருக்குக் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும், பாராசிட்டமாலுக்கு அடங்கும், அடுத்த தடவை வெகுவாகக் குறைந்துவிடும். முன்னும் பின்னும் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சிறுநீரகத் திறன் (கிரியேட்டினின் கிளியரன்ஸ்) நிமிடத்துக்கு 35 மில்லிக்குக் கீழே போனவர்களுக்கு இது கிடையாது. அவர்களில் சிலருக்கு அந்த ஆறு மாத ஊசி உதவலாம், ஆனால் மேலே சொன்ன கால்சியம் ஆபத்தை டாக்டர் கவனமாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உன்னைப் போலத் தேதி மறக்கிறவளுக்கு டிரிப்ஸ்தான் ஏற்றது. ஒன்றிரண்டு மாதம் தள்ளிப்போனாலும் எலும்பில் இருப்பு இருக்கும்.

நான் டாக்டர் இல்லை என்று அண்ணன் ஆரம்பிப்பார், ஆரம்பிக்கட்டும். நீ டாக்டரைப் பார்க்கும்போது கேட்க வேண்டியதை மட்டும் இதிலிருந்து ஒரு தாளில் எடுத்து எழுதிக்கொள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் படம் பிடித்து எனக்கு அனுப்பு. போனதடவை மாதிரி பாதிப் பக்கம் வெட்டி அனுப்பாதே. கோமதியிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
லலிதா