சைரன் ரோட்டில் கத்துகிறது, போன் லயத்தில் தூங்குகிறது
மலையக நகரங்களில் வாகன அலாரம் விற்பவர்களுக்கும் பூட்டித் தருபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்று நம் டவுன்களில் கடை வைத்து வாகனங்களுக்கு அலாரம் பூட்டித் தரும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம். நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து வேன் ஓட்டுகிறவன். பள்ளிக்கூட நாட்களில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவேன், சிவனொளிபாதமலை சீசன் தொடங்கினால் நல்லதண்ணிக்கு ஹயர் போவேன். உங்களில் பலர் எனக்கு முகப் பழக்கம். அதனால்தான் கோபத்தைக் கொஞ்சம் ஆறவைத்துவிட்டு எழுதுகிறேன்.

போன வருஷம் ஆடி மாதத்து மழை இரவொன்றில் என் வேனில் இருந்து பெட்டரியும் ஸ்பெயார் வீலும் போய்விட்டன. வேனில் அலாரம் இருந்தது. அதுவும் சும்மா கத்துகிற அலாரம் இல்லை, சிம் போட்டது. யாராவது கதவில் கை வைத்தால் எங்கே இருந்தாலும் போனுக்குத் தகவல் வரும் என்று சொல்லித்தான் தந்தார்கள். தகவல் வரத்தான் செய்தது. காலை ஐந்தே முக்காலுக்கு, நான் படி ஏறித் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவைத் தாண்டும்போது, சட்டைப் பைக்குள் இரண்டு மெசேஜ் ஒன்றாக வந்து விழுந்தன. ஒன்று இரவு 2.10க்கு அனுப்பியது, மற்றது 2.11க்கு. மேலே போய்ப் பார்த்தால் வேனின் முன்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

பூட்டித் தந்த கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி கருவியைக் கழற்றி மேசையில் வைத்து, வேறு பெட்டரியில் வயரைக் கொடுத்து, பக்கத்தில் என் போனை வைத்துவிட்டு ஒரு தட்டுத் தட்டினார். உடனே மணி அடித்தது. “பாருங்கண்ணே, சாமான்ல ஒரு பிழையும் இல்ல” என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. என் கோபமே அதுதான்.

சாமானில் பிழை இல்லை. வேன் நின்றது மேலே ரோட்டு வளைவில், மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில். அங்கே சிக்னல் நன்றாக இருக்கிறது, ஆகவே தகவல் புறப்பட்டுவிட்டது. நான் படுத்திருந்தது 140 படிக்குக் கீழே, மலை மறைப்பில் இருக்கும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில். அங்கே சிக்னல் வரும், போகும். மெசேஜ் என்பது ஆளைப் பிடிக்க முடியாவிட்டால் கம்பனியின் கணினியில் காத்துக்கொண்டிருக்கும், போனுக்கு டவர் கிடைத்த பிறகுதான் வந்து சேரும். இரவு முழுவதும் அது எனக்காகக் காத்திருந்திருக்கிறது. நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

கொழும்பில் கார் கேட்டுக்குள்ளே நிற்கும். அலாரம் கத்தினால் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்துவிடலாம். நமக்கு அப்படியா? லயம் கட்டின காலத்தில் அதில் இருக்கப்போகிறவனுக்கு ஒரு நாள் வாகனம் வரும் என்று எந்தத் துரை நினைத்தான்? இஸ்தோப்புக்கு, அதாவது முன் திண்ணைக்கு, முன்னால் சைக்கிள் நிறுத்தவே இடம் பார்க்க வேண்டும். ஆகவே ஆட்டோவோ வேனோ ஆல்ட்டோவோ, எல்லாம் ரோட்டோரத்தில், கோயிலடியில், கடையடியில், யாருடைய பார்வையிலும் இல்லாமல்தான் இரவு நிற்கிறது. தூரத்தில் இருக்கிறவனைக் கூப்பிடும் அலாரம் யாருக்காவது வேண்டுமென்றால் அது நமக்குத்தான். அதை நமக்கு விற்கும்போது மட்டும் கடை மேசையில் வைத்துச் சோதித்தால் போதும் என்று விட்டுவிடுகிறீர்கள்.

நான் கேட்பது பெரிய வேலை இல்லை. பணம் வாங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: “வண்டி ராத்திரி எங்க நிக்கும், நீங்க எங்க படுப்பீங்க?” இரண்டு முனையிலும் சிக்னல் வேண்டும். வண்டி நிற்கும் இடத்தில் எந்தக் கம்பனி சிம் எடுக்கிறது, தலையணைக்குப் பக்கத்தில் எது எடுக்கிறது என்று பார்த்துவிட்டுச் சிம் போடுங்கள். களவு போன பிறகு நானும் மகனும் இதைத்தான் செய்தோம். அவன் மேலே நின்று கதவைத் தட்டுவான், நான் கீழே போனை வைத்துக்கொண்டு காம்பரா காம்பராவாக நடப்பேன். அடுப்படியில் ஒன்றும் இல்லை. கட்டிலில் ஒன்றும் இல்லை. இஸ்தோப்பின் இடது தூணில், ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு சிக்னல் கோடு வந்தது. மகளின் போனில் வேறு கம்பனி சிம், அதற்கு அதே இடத்தில் மூன்று கோடு. இப்போது அந்தத் தூணில் ஆணி அடித்து, பாண் வாங்கின பொலித்தீன் பைக்குள் மகளின் பழைய போனைப் போட்டு, சத்தத்தை முழுதாக வைத்துத் தொங்கவிட்டிருக்கிறோம். மழைச் சாரல் அடித்தாலும் மணி கேட்கிறது. இந்த ஆணியையும் பையையும் நீங்கள் எனக்கு முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

மெசேஜை மட்டும் நம்பாமல் போன் கோலும் எடுக்கிற மாதிரி செட் பண்ணிக் கொடுங்கள். நடுச்சாமத்தில் ஒரு டிங் சத்தத்துக்கு எந்த ட்ரைவர் எழும்புவான்? அப்புறம், அந்தக் கருவிகள் அனுப்புகிற மெசேஜ் இங்கிலீஷில் வருகிறது. நான் ஹயர் போய்விட்டால் போனைப் பார்க்கப்போவது அம்மா. கோல் வந்தால், அலாரம் என்று தமிழில் பெயர் போட்டு வைத்த நம்பர் அடிக்கிறது என்று அவருக்கே தெரியும்.

சிம் இல்லாமல், வண்டியில் இருந்து ரேடியோ அலையில் தகவல் வாங்கிக் காட்டுகிற, திரை வைத்த ரிமோட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியில் ஆயிரம் மீற்றர், மூவாயிரம் மீற்றர் என்று அச்சடித்திருக்கிறது. அது வெட்டவெளியில் அளந்த கணக்கு. நடுவில் ஒரு தேயிலை மலை முதுகு வந்தால் அந்த ரேடியோ அலை அதோடு சரி. வாங்கினவர் திரும்பி வந்து கேட்டால் பனி மூட்டத்தின் மேல் பழியைப் போடாதீர்கள். பனி ஒன்றும் செய்யாது, மலைதான் மறிக்கிறது. வீட்டு ஜன்னலில் இருந்து வண்டி கண்ணுக்குத் தெரிகிறவருக்கு அந்த ரிமோட் நல்ல சாமான், சிம் செலவும் இல்லை. தெரியாதவருக்கு அதை விற்காதீர்கள்.

சைரனுக்கு வருகிறேன். அன்று இரவு அது கத்தாமல் இல்லை. ரோட்டுக்குப் பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டிருக்கிறார். “அது மழைக்குக் கத்துறதுதானேன்னு படுத்துட்டேன் தம்பி” என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த அலாரம் அதற்கு முந்திய இரண்டு மாதத்தில் இடி இடித்தால் கத்தியது, கொழுந்து லொறி கடந்தால் கத்தியது, நாய் டயரில் முதுகைத் தேய்த்தால்கூடக் கத்தியது. ஊரே அதற்குக் காதை மூடிப் பழகிவிட்டது. அதிர்வைப் பார்க்கும் அந்தச் சின்னப் பெட்டியில் ஒரு திருகாணி இருக்கிறது, அதைக் கொஞ்சம் திருப்பினால் உணர்வு குறையும் என்பது எனக்குத் தெரிந்ததே களவு போன பிறகுதான். கடையில் வருகிறபடியே பூட்டி அனுப்பினால் நம் ரோட்டுக்கும் நம் இடிக்கும் அது சரிவராது. பூட்டி ஒரு கிழமை கழித்து வண்டியைத் திரும்ப வரச் சொல்லுங்கள், அந்தத் திருகாணியை ஒரு தரம் பாருங்கள். பொனட் சுவிட்சையும் பாருங்கள். மேற்குப் பக்கத்தில் வைகாசியில் பிடிக்கிற மழை புரட்டாசி வரை விடாது, அந்த ஈரத்தில் சுவிட்ச் துருப்பிடித்தால் யாரும் தொடாமலே பொனட் திறந்ததாக அது நினைத்துக்கொள்ளும்.

பெட்டரி வயரை வெட்டினவுடன் என் சைரன் அடங்கிவிட்டது. உள்ளே தனி பெட்டரி வைத்த சைரன் இருக்கிறதாம், வெட்டினாலும் தொடர்ந்து கத்துமாம். விலை கொஞ்சம் கூட. இரண்டையும் மேசையில் வைத்துக் காட்டியிருந்தால் நான் எதை வாங்கியிருப்பேன் என்று நீங்களே யோசியுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருஷத்தில் பழைய வேன்கூடத் தங்கம் மாதிரி ஆகிவிட்டது. லீசிங் கட்டுகிறவன் சைரனில் மிச்சம் பிடிக்க மாட்டான்.

இனி நான் உண்மையில் பயப்படுகிற விஷயம். போனில் இருந்தே எஞ்சினை நிறுத்தலாம் என்று சில கருவிகளை விற்கிறீர்கள். கள்ளன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினால் பட்டனை அமுக்க வேண்டியதுதான், வண்டி நின்றுவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ரோட்டை நினைத்துப் பாருங்கள். றம்பொடை இறக்கத்தில் ஓடுகிற வண்டியின் எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கல் மாதிரி இறுகும், பிரேக்குக்கு உதவுகிற காற்றிழுப்பும் ஓரிரு மிதியோடு தீரும். கள்ளன் போகட்டும், எதிரே பஸ் வருகிறதே. அதுவும் தவறுதலாக அமுக்கினது மகனின் விரல் என்றால், வண்டிக்குள் இருப்பது பன்னிரண்டு பிள்ளைகள் என்றால்? எஞ்சினைத் தடுக்கிற அந்தக் கம்பியைப் பெட்ரோல் பம்பிலோ இக்னிஷனிலோ கொடுக்காதீர்கள். ஸ்டார்ட்டர் வயரில் கொடுங்கள். ஓடுகிற வண்டி ஓடும், நின்ற வண்டி மட்டும் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. நமக்கு அது போதும்.

வெளியார் ஒருவர் அந்தப் பட்டனை அமுக்கலாம் என்பதும் கற்பனை இல்லை. 2019 மார்ச்சில் பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் என்ற பிரித்தானிய நிறுவனம் பெயர் பெற்ற இரண்டு அலாரங்களின் போன் செயலிகளைச் சோதித்தது. அடுத்தவர் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டு உள்ளே போகும் அளவுக்கு ஓட்டை இருந்தது, ஒன்றில் ஓடுகிற வண்டியின் எஞ்சினையே நிறுத்த வழி இருந்தது. அந்த அலாரம் கம்பனிகள் உடனே திருத்திவிட்டன. 2022 ஜூலையில் எம்வி720 என்ற மலிவான ஜிபிஎஸ் கருவியைப் பற்றி அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை எச்சரித்தது. அதுவும் எரிபொருளைத் துண்டிக்கக்கூடிய சாமான், பெட்டியில் இருந்து வரும்போதே பாஸ்வேர்ட் 123456. உங்கள் கடையில் பூட்டுகிற கருவிகளின் பாஸ்வேர்டை யார் மாற்றுகிறார்கள்? என்னுடையதை யாரும் மாற்றவில்லை. களவு போன பிறகு நானே பார்த்தேன், அதே ஆறு இலக்கம். மாற்றாமல் வண்டியை வெளியே விடாதீர்கள், புதியதை வாடிக்கையாளரே போடட்டும், நீங்கள் திரும்பி நின்றுகொள்ளுங்கள்.

சிம் வாடிக்கையாளர் பெயரில் இருக்கட்டும். கடைப் பெயரிலோ கடைப் பையன் பெயரிலோ வேண்டாம். யாரும் பேசாத சிம் என்பதால் ரீலோட் போட மறந்துவிடும், மாதக்கணக்கில் அப்படியே கிடந்தால் நம்பரே செத்துவிடும். அதைப் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாலே போதும். எந்த வயரிலும் பியூஸ் இல்லாமல் முறுக்கிவிட்டு டேப் சுற்றாதீர்கள், இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கருவி எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்றும் சொல்லுங்கள். 20 மில்லி அம்பியர் என்றால் ஒரு நாளைக்கு அரை அம்பியர் மணி போகும். பள்ளிக்கூட லீவில் மூன்று கிழமை நின்ற வண்டியில் பத்து அம்பியர் மணி போய்விடும், தைமாதக் குளிரில் காலை ஸ்டார்ட் எடுக்காது. கியர் வண்டி என்றால் நம் ஊரில் பள்ளத்துக்கா பஞ்சம், உருட்டி எடுத்துவிடலாம். ஓட்டோ கியர்க்காரர் பாவம்.

இன்னொன்று. அலாரம் கூப்பிட்ட பிறகு யார் போவது? 119க்கு எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும், ஆனால் பொலிஸ் ஜீப் நம் தோட்டத்து ரோட்டில் ஏறி வர நேரம் எடுக்கும். கருவியில் பெரும்பாலும் இரண்டு மூன்று நம்பர் போட இடம் இருக்கிறது. இரண்டாவதாக வண்டிக்குப் பக்கத்தில் இருப்பவரின் நம்பரைப் போடச் சொல்லுங்கள். இப்போது என்னுடையதில் இருப்பது கோயிலடிக் கடைக்காரர். அவர் கீழே இறங்கக்கூட வேண்டாம், மேலிருந்து லைட்டைப் போட்டு ஒரு சத்தம் கொடுத்தால் போதும் என்று பேசி வைத்திருக்கிறோம். ஆச்சியின் பேரனும் தன் நம்பரைத் தந்திருக்கிறான்.

கடைசியாக, என் கருவியை மேசையில் வைத்துத் தட்டிக் காட்டின தம்பிக்கு: உன் கடைப் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். வேனில் இன்னும் அதே அலாரம்தான். புது சைரன் பூட்ட வேண்டும், உன்னிடமே வருகிறேன். ஆனால் பூட்டி முடிந்ததும் என்னோடு வேனில் ஏறி எங்கள் ஊருக்கு வா. நீ மேலே நின்று தட்டு, நான் கீழே தூணடியில் நின்று கேட்கிறேன். பிறகு படி இறங்கி வா, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம். திரும்பக் கொண்டுவந்து விடுவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
தலவாக்கலையில் இருந்து ஒரு வேன் ட்ரைவர்